சோறு ஒரு வீட்டில், பாட்டு ஒரு வீட்டில்: ஜோடி மாலையின் சரித்திரம் பற்றிச் சில குறிப்புகள்

கோவலனுக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் பாட்டு இருக்கிறது, இன்னொன்றில் சோறு. மாதவியோடு அவன் கழிக்கும் பொழுதுகளைக் காப்பியம் யாழாலும் ஆடலாலும் நிரப்புகிறது. புகார்க் கடற்கரையில் இருவரும் மாறிமாறிப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டினாலேயே பிரிகிறார்கள். கண்ணகியோடு அவன் இருக்கும் காட்சிகளில் பாட்டே கிடையாது. மணவாழ்வின் தொடக்கத்தில் அவளுடைய பேச்சைக் குழலோடும் யாழோடும் ஒப்பிட்டுப் புகழ்கிறான் என்பது சரிதான். ஆனால் உவமையில் வந்த யாழ் கடைசிவரை அவள் கைக்கு வருவதில்லை. அவள் அவனுக்குக் கொடுப்பது ஆயர் சேரியில், வாழையிலையில் இட்ட சோறு. பிறகு வெற்றிலை பாக்கு. அதைப் போட்டுக்கொண்டு சிலம்பு விற்கப் போனவன் திரும்பவில்லை.

இந்தப் பாகப்பிரிவினை இளங்கோவின் கண்டுபிடிப்பு அல்ல. சங்க அகமரபில் முல்லைக்குச் சிறுபொழுது மாலை. அது மனைவி காத்திருக்கும் நேரம். விளக்கேற்றிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுடைய மாலைக்கு அதற்கு மேல் நிகழ்ச்சிநிரல் இல்லை. மருதத்தில் தலைவன் பரத்தை வீட்டிலிருந்து திரும்புகிறான். தூதாக முன்னால் வருகிறவன் பாணன். தலைவியும் தோழியும் அந்தப் பாணனுக்கு வாயில் மறுத்து, பொய்யன் என்று ஏசுகிறார்கள். நம்முடைய பழைய இலக்கியத்தில் மனைவியின் வீட்டுவாசலுக்கு இசைக்கலைஞன் வரும்போது பெரும்பாலும் கணவனின் கள்ளத்துக்கு வக்கீலாகத்தான் வருகிறான் என்பதை நாம் போதுமான அளவு யோசித்துப் பார்த்ததில்லை. பொழுதுக்கும் பால் உண்டு, சாதி உண்டு. யாருடைய மாலை, யார் வெளியே போகும் மாலை, யார் உள்ளே இருக்கும் மாலை என்று கேட்காமல் 'மாலைப்பொழுதின் மயக்கம்' என்றெல்லாம் பேசிக்கொண்டிருப்பது தமிழ்ப் பேராசிரியர்களுக்குப் பழகிப்போன சுகம். நானும் எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் அந்தச் சுகம் எனக்கும் தெரியும்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கிளம்பி, ஒரு கச்சேரி கேட்டு, ஓட்டலிலோ சபா கேண்டீனிலோ சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் வீடு திரும்புகிற மாலை ஒன்று சென்னையில் இருக்கிறது. மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பார்க்கலாம். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கையில் நிகழ்ச்சிப் பட்டியல், அதில் பேனாவால் போட்ட வட்டங்கள். இது எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது! தொன்றுதொட்டு வருகிற பண்பாடு என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், ஜோடியாக வெளியே போவதே மேற்கத்திய இறக்குமதி என்று காதலர் தினத்தன்று தடியெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கட்சியும் சரித்திரத்தைப் படித்ததில்லை. பாட்டும் சோறும் ஒரே பெண்ணோடு, ஒரே மாலையில், வீட்டுக்கு வெளியே என்பது தமிழ்நாட்டில் மிகச் சமீபத்திய ஏற்பாடு. ஒரு நூற்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை. அந்த ஏற்பாடு நடப்பதற்காக யார் யார் மாலையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்பதே என் அக்கறை.

அதற்கு முன்னால் மாலை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். கோயில் உற்சவத்தில், கல்யாண வீட்டில், மிராசுதார் வீட்டுக் கூடத்தில் பாட்டு இருந்தது. இவை குடும்பத்துப் பெண்ணும் ஓரமாக நின்றோ கதவுக்குப் பின்னாலோ கேட்கக்கூடிய இடங்கள். இசையை அருகில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கேட்டு, பாடுகிறவரோடு வாதாடி அனுபவிக்கும் மாலை தேவதாசி மரபுப் பெண்களின் வீடுகளில் இருந்தது. வீணை தனம்மாள் (1867-1938) ஜார்ஜ் டவுன் இராமகிருஷ்ண செட்டித் தெருவில் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைக் கேட்க வித்வான்களும் ரசிகர்களும் அங்கே கூடுவார்கள். மைக் இல்லாத காலம். மெல்லிய நாதம். மூச்சை அடக்கித்தான் கேட்க வேண்டும். சென்னை நகரத்தின் மிக உயர்ந்த இசை மாலை ஒரு பெண்ணின் வீட்டில், அவள் விதித்த ஒழுங்கின்படி நடந்தது. அங்கே வந்தவர்களின் மனைவிமார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முல்லைத்திணை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்ன உடனே ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பழைய சதிர் மாலைகளைப் பற்றி இப்போது ஏக்கப் பெருமூச்சு விடுவது ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் குலத்து வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்தவர். 1936இல் வெளிவந்த அவருடைய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலைப் படித்தவர்கள் அந்த மாலைக்குப் பின்னால் இருந்த கணக்குவழக்குகளையும் பார்ப்பார்கள். தாய்க்கிழவியின் அதிகாரம், மைனர்களின் சொத்து, விருப்பம் கேட்கப்படாமல் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகள். தனம்மாளின் வெள்ளிக்கிழமை ஒரு உண்மை; இதுவும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கிற வேலையை நாம் செய்ய வேண்டாம்.

1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான முயற்சியைத் தொடங்கினார். அவருடைய தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். அதை எதிர்த்து தேவதாசிப் பெண்கள் சங்கமாகத் திரண்டு மனுக்கள் கொடுத்தார்கள். நாங்கள் கலைஞர்கள், எங்களை விபசாரிகளோடு சேர்க்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். சட்டம் முழுமையாக வந்தது 1947இல். இந்த இருபது ஆண்டுகளைக் கவனியுங்கள். ஜோடி மாலை உருவான காலமும் இதே இருபது ஆண்டுகள்தான். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தபோது கூடவே இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்த மியூசிக் அகாதமி 1928இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கும் முன்பே திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா போன்றவை இருந்தன. அர்மீனியன் தெருவில் கோகலே ஹால் இருந்தது. சபா என்பது என்ன? வீட்டின் மாலையை டிக்கெட்டின் மாலையாக மாற்றுகிற இயந்திரம். தாசி வீட்டு வாசலில் நுழைய அறிமுகம் வேண்டும், ரசனை வேண்டும், பணமும் வேண்டும். சபாவில் நுழைய டிக்கெட் போதும். கேட்கும்போது ஜனநாயகமாகத்தான் இருக்கு. ஆனால் டிக்கெட்டின் முக்கியமான சாதனை வேறு. பாடுகிற பெண்ணுக்கும் கேட்கிற ஆணுக்கும் இடையில் ஒரு மேடையின் உயரத்தை அது வைத்தது. அந்த உயரம் வந்த பிறகுதான் மனைவியைப் பக்கத்தில் உட்கார்த்திவைக்க முடிந்தது.

அகாதமி 1931இல் கல்யாணியின் மகள்களை ஆடவைத்தது. 1933இல் தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி ஆடினார். 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் டி.கே. பட்டம்மாள் பொதுமேடையில் பாட வந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் சபை நடுவில் உட்கார்ந்து பாடுவது அன்றைக்குப் பெரிய துணிச்சல். பல்லவி பாடியது அதைவிடப் பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு இரண்டு திசையில் போனது. குடும்பப் பெண்ணுக்கு மேடை திறந்தது. மேடையில் ஏற்கனவே இருந்தவளுக்கு, அவளும் குடும்பப் பெண்ணாக மாறினாலொழிய, கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. பாட்டு நடுத்தர வர்க்கத்து மகள்களின் கல்யாணத் தகுதிகளில் ஒன்றாயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இரண்டு கீர்த்தனை பாடத் தெரியணும். மூணாவது தெரிஞ்சா, பொண்ணுக்கு ரொம்பத் தெரியுதேன்னு யோசிப்பாங்க.

இதற்கு முன்னோட்டமாக கிராமபோன் வந்துவிட்டதை மறந்துவிடக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருடத் தட்டுகளில் ஒலித்த பெண் குரல்கள் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தாசி மரபுக் கலைஞர்களுடையவை. குடும்பத்துப் பெண் தாசியின் குரலைத் தன் கூடத்திலேயே, கணவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்க முடிந்தது முதன்முதலில் அப்போதுதான். உடல் இல்லாத குரல். தீட்டு ஒட்டாத குரல். 1938இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கியபோது இந்த வேலை இன்னும் சுலபமாயிற்று. குரலை எடுத்துக்கொண்டு உடலை வெளியே நிறுத்துவது என்கிற நுட்பத்தை எந்திரம் கற்றுக்கொடுத்தது, சபா பழகிக்கொண்டது.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) வகுத்த கச்சேரிப் பத்ததியையும் இந்தக் கோணத்தில் வாசிக்கலாம். இசை விமரிசகர்கள் என்மீது பாயக்கூடும், பாயட்டும். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, பிறகு கடைசியில் துக்கடாக்கள். பதமும் ஜாவளியும் அந்தக் கடைசிப் பகுதிக்குப் போயின. தனம்மாள் வீட்டில் இசையின் உயிராக இருந்தவை சபையில் சாப்பாட்டுக்குப் பின் தரும் வெற்றிலை மாதிரி ஆயின. அலுவலக நேரம் முடிந்து வந்து, கேட்டுவிட்டு, கடைசி டிராமையோ பஸ்ஸையோ பிடிக்க வேண்டியவர்களுக்கு அளவான கச்சேரி அது. பதத்தின் நாயகி பெரும்பாலும் மனைவி அல்ல. காதலனைக் கேலி செய்வாள், காசு கேட்பாள், வேறொருத்தியிடம் போய் வந்தவனை வாசலில் நிறுத்துவாள். க்ஷேத்ரய்யாவின் பதங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருத்தியின் பேச்சைத் தாலி கட்டிய தம்பதி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்வரிசையில் மாமனாரும் இருக்க, தலையாட்டிக் கேட்கிறார்கள். இது எப்படிச் சாத்தியமாயிற்று?

மொழியால் சாத்தியமாயிற்று. பாட்டு தெலுங்கில் இருந்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாடும் அதன் தொடர்ச்சியும் எழுப்பிய கேள்வியைச் சாதி, மொழி உரிமை என்ற தளங்களில் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேசியதெல்லாம் நியாயமே. ஆனால் காமத்தின் தளத்தில் பேசவில்லை. புரியாத மொழி ஒரு திரைச்சீலை. சிருங்காரம் நாதமாக மட்டும் வரும், அர்த்தமாக வராது. அர்த்தம் கேட்டால் ஜீவாத்மா பரமாத்மா என்று பதில் இருக்கிறது. அதே விஷயத்தைச் சுப்பராமய்யர் பதத்தின் தமிழில் பாடினால் அரங்கத்தில் ஒரு நெளிசல் வரும். தமிழிசை இயக்கம் மேடைக்குக் கொண்டுவந்ததில் பக்தியே மிகுதி. நமக்கென்று இருந்த தமிழ்ப் பதங்களை அது தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. எதிரெதிர்ப் பாசறைகள் ஒழுக்கத்தில் ஒன்றுபட்டிருந்தன. 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற பாலசரஸ்வதி சிருங்காரத்தைச் சுத்திகரிக்க வேண்டியதில்லை என்று அங்கேயே வாதிட்டார். அவர் பேசியதைப் பாராட்டி மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம். எங்கே நின்று பேசினார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

இனி சோற்றுக்கு வருவோம்.

வீட்டுக்கு வெளியே சமைத்ததைச் சாப்பிடுவது சாதி இந்துவுக்குச் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. யார் சமைத்தது, யார் தொட்டது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் இலையில் கை வைக்கக் கூடாது. 'பிராமணாள் காப்பி ஓட்டல்' என்ற பெயர்ப்பலகை இந்தக் கேள்விகளுக்கு வாசலிலேயே பதில் சொன்ன விளம்பரம். ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்ததைப் பெரியாரின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்தது. 1941இல் அது நீக்கப்பட்டது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 'பிராமணாள்' என்ற எழுத்தை எதிர்த்து மாதக்கணக்கில் மறியல் நடந்தது, தோழர்கள் சாரைசாரையாகக் கைதானார்கள். பெயர்தானே, அதில் என்ன இருக்கு என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

இந்தப் போராட்டங்களின் கதையில் பெண் எங்கே என்று தேடினால் வேறொரு பலகை கண்ணில் படுகிறது. 'பேமிலி ரூம்'. ஆண்கள் காப்பி குடித்து, அரசியல் பேசி, பீடி பிடிக்கும் பொதுக்கூடத்தில் மனைவியை உட்கார்த்த முடியாது. அதற்காக மரத் தடுப்பு, அரைக்கதவு, பச்சைத் திரை. உள்ளே ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் ஒரு சாமி படம். தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்குக் கல்யாணமான புதிதில் கணவனோடு தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்த முதல் இடம் இதுதான். வீட்டில் அவன் சாப்பிட்ட பிறகு அதே இலையில் சாப்பிட்டவள், இங்கே எதிரில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு தட்டில், என்ன வேணும் என்று ஒரு அந்நியன் கேட்க, "ரவா தோசை" என்று தானே வாய்திறந்து சொன்னாள். இதை அற்பமாக நினைக்கிற புரட்சிக்காரரோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை. அந்தத் தோசையில் ஒரு சின்ன விடுதலை இருந்தது. அரைக்கதவு அதற்கு அளவும் வைத்தது.

கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் இந்தக் குடும்ப ஓட்டலைக் கௌரவமான மாலையாக ஆக்கியதில் பெரும்பங்கு வகித்தது. உடுப்பிக்காரர்களின் வெற்றி சமையலால் மட்டும் வந்ததல்ல. சமைக்கிறவர் பிராமணர் என்ற உத்தரவாதத்தைப் பலகையில் எழுதாமலே கொடுக்க அவர்களால் முடிந்தது. 'சுத்த சைவம்' என்ற இரண்டு சொல் போதும்.

1962ஆம் ஆண்டை நான் ஒரு சந்திப்புப் புள்ளியாகப் பார்க்கிறேன். அந்த ஆண்டு டிசம்பரில், 1955இல் நேரு அடிக்கல் நாட்டிய மியூசிக் அகாதமி அரங்கத்தை மைசூர் மகாராஜா திறந்துவைத்தார். அதே ஆண்டு, பக்கத்துக் கதீட்ரல் சாலையில், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. மரங்களுக்கடியில் கார், கார்க் கதவில் மாட்டிய தட்டு. நடந்தே போகிற தூரத்தில் பாட்டுக்கு ஒரு கட்டடமும் சோற்றுக்கு ஒரு தோட்டமும். கோவலனுக்குப் புகாரில் ஒன்றும் மதுரையில் ஒன்றுமாக இருந்த இரண்டு பொருளும் ஒரே வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. ஜோடி மாலைக்கு முகவரி கிடைத்தது.

அதே 1962இல் 'கொஞ்சும் சலங்கை' வெளிவந்தது. அதில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் இழைகிற பாட்டைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் தடுப்பு போட்ட கொட்டகையில், ஜோடியாக வந்தவர்கள் ஜோடியாக உட்கார முடியாது. இடைவேளையில் முறுக்குப் பொட்டலம் தடுப்பைத் தாண்டிக் கைமாறும். சபாவுக்குள் காலை நேர மங்கள இசையாகவோ தொடக்கவிழா வாத்தியமாகவோ ஒதுக்கப்பட்ட நாகசுரம் கொட்டகையில் காதலின் வாத்தியமாக ஆனது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து வாசித்த கம்பீரத்துக்குச் சபாக்கள் கொடுத்த இடத்தைவிட சினிமாவும் ரேடியோவும் கொடுத்த இடம் பெரிது. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது, நாகசுரக்காரனும் சதிராடுகிறவளும் நாயகன் நாயகியாகத் திரும்பி வந்தார்கள், சபா எழுதிய சரித்திரத்தில் இல்லாமல் போனவர்கள். அந்தப் படத்தைப் பார்த்த ஜோடிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அகாதமியின் இருக்கைகள் ஒரு தூசு. தமிழர்களின் காதல் மாலைக்கான சாஸ்திரிய சங்கீதம் பெரும்பாலும் தரை டிக்கெட்டில்தான் கேட்கப்பட்டது.

சபாவிலேயே இன்னொரு காட்சி. பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கிறது. மிருதங்கக்காரர் நடையைப் பிடித்ததும் பார்வையாளர்களில் ஒரு பகுதி எழுந்திருக்கும். ஜோடிகளும் எழுந்திருப்பார்கள். கேண்டீனில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும். சீசன் கேண்டீனின் புகழ் பாடகர்களின் புகழுக்குக் குறைந்ததல்ல. அறுசுவை நடராஜன் போன்ற சமையல் கலைஞர்களின் பெயருக்காகவே சபா மாறிப் போகிறவர்கள் உண்டு. சுத்த சைவம், சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கும் மிருதங்கத்தில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் இருக்கின்றன. அதைப் பதம் பார்த்து, வார் பிடித்து, நாதம் கொண்டுவருகிறவர்களில் பெரும்பான்மையோர் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூல் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் பேசுகிற நேரம் பார்த்து எழுந்துபோய் நெய் ரோஸ்ட் சாப்பிடுவதற்குக் குறியீட்டு அர்த்தம் கற்பிக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், கற்பிக்கிறேன். அர்த்தம் அங்கே கிடக்கும்போது குனிந்து எடுக்காமல் எப்படிப் போவது?

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு உணவகத்தையும் பொதுக் கேளிக்கை இடத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் காரணமாக இவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. சோறும் பாட்டும் சேர்ந்தே மறுக்கப்பட்டவை, சேர்ந்தே மீட்கப்பட வேண்டியவை என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. இரட்டைக் குவளை டீக்கடையில் கணவனும் மனைவியும் சேர்ந்து போய் உட்கார்ந்து டீ குடிப்பதைக் கற்பனை செய்துபாருங்கள். உட்காரவே பெஞ்சு கிடையாது என்கிற ஊரில் 'வெளியே சாப்பிடுவது' என்பதற்கு என்ன பொருள்? ஜோடி மாலையின் சரித்திரத்தை மயிலாப்பூரில் மட்டும் எழுதினால் இந்தக் கேள்வி வராது.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை. கடைவீதிக்குப் போய்ப் புதுத்துணி வாங்கிக்கொண்டு ஒரு தம்பதி பேருந்து நிலையம் பக்கம் வருகிறார்கள். சங்கரும் கௌசல்யாவும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பட்டப்பகலில், அத்தனை பேர் பார்த்திருக்க, வெட்டுகிறார்கள். சங்கர் செத்துப்போகிறார். கண்காணிப்புக் கேமரா பதிவு செய்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அவர் தலித், அவள் சாதி இந்து. அவர்கள் செய்தது சேர்ந்து வாழ்ந்தது, சேர்ந்து வெளியே வந்தது. கச்சேரிக்குக்கூடப் போகவில்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாகத் தெருவில் நடப்பது நடுத்தர வர்க்கத்துக்குப் பொழுதுபோக்காக ஆகி எண்பது வருடமான பிறகு, இந்த ஜோடிக்கு அது உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. சுயமரியாதை இயக்கம் ஜோடியைச் சாதியிலிருந்து பிரித்தெடுக்க முயன்றது; சபாவும் ஓட்டலும் ஜோடியைச் சாதிக்குள்ளேயே நவீனமாக்கின. இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே பத்தாண்டுகளில் நடந்தன.

சபாவுக்கு வெளியே பாட்டைக் கொண்டுபோகும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2015இல் ஊரூர்-ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவில், கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையேறிய விழா தொடங்கியது. நல்லெண்ணம் மேலிருந்து கீழே இறங்குகிறது என்ற விமரிசனம் அதன்மீது உண்டு. எனக்கும் அதில் பாதி உடன்பாடு. மீன் குழம்பு வாசனையில் கல்யாணி கேட்க முடியும் என்று காட்டியது மீதிப் பாதி. 2017இல் சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது. டிரைவ்-இன் 2008இலேயே மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. கட்டணம் கட்டி உள்ளே போய் மரத்தடியில் ஜோடியாக உட்காரலாம். பாணனும் பரத்தையும் வாயிலில் நிறுத்தப்பட்ட பாடல்கள் எந்த மொழியில் இருக்கின்றனவோ, அந்த மொழியின் பெயர் அந்தப் பூங்காவுக்கு.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952). முத்துப்பழனி என்ற தாசிக் கவிஞர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்தவனம்' காவியத்தை வெட்டாமல் 1910இல் பதிப்பித்தவர். ஆபாசம் என்று அரசாங்கம் அதைத் தடைசெய்தது; தடை நீங்க 1947 வரை ஆயிற்று, பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குத் தடை வந்த அதே 1947. சம்பாதித்த பணத்தையும் நகையையும் போட்டு, திருவையாற்றில் கேட்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று தடை இருந்தது. அதை எதிர்த்துப் பெண்களைத் திரட்டி அங்கேயே தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் கோஷ்டிகள் ஒன்றான பிறகு பெண்களும் பாடினார்கள். தம் உயிலில், பக்தியுள்ள பெண்கள், தேவதாசிகள் உட்பட, அந்தச் சன்னிதியில் பாடவும் கைங்கரியம் செய்யவும் உரிமை உடையவர்கள் என்று எழுதிவைத்தார். அவருடைய நினைவிடமும் அங்கேயே, காவிரிக்கரையில் இருக்கிறது. பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினம் பாட வருகிற கூட்டத்தில் எத்தனையோ தம்பதிகள். அந்த நினைவிடத்தைக் கடந்துதான் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகிறார்கள்.